55 புள்ளி எடுத்தும் இறக்கப்பட்ட அணி

2021-22 சீசனில் டெர்பி கவுண்டி ஆட்டக்காரர்கள் களத்தில் செய்யவேண்டியதைச் செய்து முடித்தார்கள். நிர்வாகம் செய்த நிதித் தவறுகளுக்கு 21 புள்ளிகளைப் பறிகொடுத்து மூன்றாம் நிலைக்குப் போனார்கள். இங்கிலாந்துக் கால்பந்தின் சட்டத்தையே மாற்றும் விவாதத்தில் முன்னால் நின்ற அந்த சீசனின் கதை இது.

மைனஸ் 3

2021 நவம்பர் 16ஆம் தேதி. இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டாம் நிலைப் போட்டியான சாம்பியன்ஷிப்பின் புள்ளிப் பட்டியலில், கடைசி வரியில் இருந்தது டெர்பி கவுண்டி. பெயருக்கு நேரே இருந்த எண் மைனஸ் 3.

சீசன் தொடங்கி மூன்று மாதங்கள் ஓடியிருந்தன. டெர்பி 17 ஆட்டங்கள் ஆடி, தட்டுத்தடுமாறி 18 புள்ளிகள் சேர்த்திருந்தது. கிளப்பின் நிதிக் குளறுபடிகளுக்காக லீக் நிர்வாகம் செப்டம்பரில் 12, நவம்பரில் 9 என்று 21 புள்ளிகளை எடுத்துக்கொண்டது. சேர்த்தது அத்தனையும் போய், மூன்று புள்ளி கடனும் நின்றது.

சாம்பியன்ஷிப்பில் 24 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 46 ஆட்டங்கள். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நேராகப் பிரீமியர் லீக்குக்குப் போவார்கள். அன்றைய விதிப்படி அடுத்த நான்கு அணிகள் பிளே-ஆஃப் ஆடி, அவற்றில் ஒன்று மேலே போகும். கடைசி மூன்று அணிகள் மூன்றாம் நிலையான லீக் ஒன்னுக்கு இறங்கவேண்டும். ஐ.பி.எல். அணி எத்தனை முறை கடைசியில் வந்தாலும் அடுத்த ஆண்டும் அதே போட்டியில்தான் ஆடும். இங்கே அந்தச் சலுகை கிடையாது. இறங்கினால் டிவி பணம் சுருங்கும், ஸ்பான்சர் தயங்குவார், நல்ல ஆட்டக்காரர் வேறு கிளப் பார்ப்பார், அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு வேலை போகும்.

அந்த நவம்பர் நாளில் டெர்பிக்கு மிச்சமிருந்தவை 29 ஆட்டங்கள். புது ஆட்டக்காரர் வாங்கத் தடை. சம்பளம் கொடுக்கப் பணம் எங்கிருந்து வரும் என்று தெரியாது. கிளப்புக்கு உரிமையாளர் என்று ஒருவர் இல்லை. இப்படிப்பட்ட அணி அந்த 29 ஆட்டங்களில் 37 புள்ளிகள் எடுத்தது. சாம்பியன் பட்டம் வென்ற அணியையும் இரண்டாம் இடம் பிடித்த அணியையும் தன் சொந்த மைதானத்தில் தோற்கடித்தது. அப்படியும் இறங்கியது.

ரயிலும் விமான இன்ஜினும் செய்யும் ஊர்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கிறது டெர்பி. ரயில் பெட்டிகளும் ரோல்ஸ் ராய்ஸ் விமான இன்ஜின்களும் செய்யும் உழைப்பாளிகளின் நகரம். 1884-இல் டெர்பிஷயர் கிரிக்கெட் கிளப்பின் கிளையாகத்தான் இந்தக் கால்பந்து கிளப் முளைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1888-இல், உலகின் முதல் கால்பந்து லீக் தொடங்கியபோது அதில் சேர்ந்த 12 அணிகளில் டெர்பியும் ஒன்று. 1946-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது.

கிளப்பின் பொற்காலம் பிரையன் கிளஃப் என்ற மேனேஜரோடு வந்தது. 1967-இல் அவரும் அவருடைய துணைவர் பீட்டர் டெய்லரும் பொறுப்பேற்றபோது டெர்பி இரண்டாம் டிவிஷனில் துவண்டு கிடந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1972-இல், அதே கிளப்பை இங்கிலாந்தின் சாம்பியனாக்கினார்கள். அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதி வரை போனது. கிளஃப் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய பிறகு டேவ் மெக்கேயின் தலைமையில் 1975-இல் இன்னொரு முறை பட்டம் வந்தது. டெர்பியின் பிரைட் பார்க் மைதானத்தின் வெளியே கிளஃபும் டெய்லரும் சேர்ந்து நிற்கும் சிலை இருக்கிறது. டெர்பியையும் அதன் பரம எதிரியான நாட்டிங்ஹாமையும் இணைக்கும் நெடுஞ்சாலைக்கே கிளஃபின் பெயர்தான். இரண்டு ஊர்களும் அவரைத் தம்மவர் என்று சொல்லிக்கொள்கின்றன.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் இரண்டாம் நிலையில் ஆடும் ஓர் அணியைப் பார்க்க, சாதாரண நாட்களிலும் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஏன் வருகிறார்கள் என்பது புரியும். தாத்தா உட்கார்ந்த பகுதியில் பேரன் உட்காருகிறான். சீசன் டிக்கெட் குடும்பச் செலவில் ஒன்று. கிளப்பின் பெயர் பத்திரத்தில் யாரிடம் இருந்தாலும் அது தங்களுடையது என்றே இவர்கள் நினைக்கிறார்கள். பத்திரத்தில் பெயர் இருப்பவர் நினைத்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்பதை 2021 அவர்களுக்குக் காட்டியது.

ஒரு பணக்கார ரசிகரின் பந்தயம்

அந்தப் பத்திரத்தில் இருந்த பெயர் மெல் மோரிஸ். வெளிநாட்டு முதலாளி அல்ல. டெர்பிக்காரர், சிறுவயது முதல் ரசிகர். கேண்டி கிரஷ் விளையாட்டை உருவாக்கிய கிங் நிறுவனத்தில் ஆரம்பத்திலேயே முதலீடு செய்து செல்வந்தரானவர். 2015-இல் கிளப் முழுவதும் அவர் கைக்கு வந்தது. அவர் ஆசைப்பட்டது பிரீமியர் லீக்.

அதற்கு ஓராண்டு முன்புதான், 2014-இல், வெம்ப்ளியில் நடந்த பிளே-ஆஃப் இறுதிப் போட்டியில் பத்துப் பேரோடு ஆடிய குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணியிடம் 90-ஆவது நிமிட கோலில் டெர்பி தோற்றிருந்தது. ஒரே ஒரு கோல் தூரத்தில் நழுவிய வாய்ப்பு அது. பிரீமியர் லீக்குக்குள் நுழைந்துவிட்டால் டிவி வருமானமாகவே கோடிக்கணக்கான பவுண்டு வரும். வெளியே நிற்கும் அணிகளுக்கு அதில் சிறு பங்குதான். இந்தப் பள்ளம்தான் சாம்பியன்ஷிப் முதலாளிகளைச் சூதாட வைக்கிறது. வரும் பணத்தைவிட அதிகமாகச் சம்பளம் கொடுப்பது இந்த லீக்கில் பல ஆண்டுகளாக வாடிக்கை. மொத்த லீக்கின் சம்பளச் செலவு மொத்த வருமானத்தைத் தாண்டிய சீசன்கள் பல உண்டு.

மோரிஸும் அள்ளி இறைத்தார். ஆட்டக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். பால் கிளெமென்ட், நைஜல் பியர்சன், ஸ்டீவ் மெக்லாரன், கேரி ரோவெட், ஃபிராங்க் லாம்பார்ட், ஃபிலிப் கோக்கு என்று மேனேஜர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். லாம்பார்டின் 2018-19 சீசனில் மறுபடியும் வெம்ப்ளி வரை போனது. மறுபடியும் இறுதிப் போட்டியில் தோல்வி. ஆஸ்டன் வில்லா 2-1 என்று வென்றது.

செலவுக்கு லீக் ஒரு வரம்பு வைத்திருந்தது. மூன்று ஆண்டுகளில் மொத்த நஷ்டம் 3.9 கோடி பவுண்டைத் தாண்டக்கூடாது. அந்த வரம்புக்குள் நிற்க டெர்பி இரண்டு வேலைகளைச் செய்தது.

முதலாவது, மைதானம். 2018-இல் பிரைட் பார்க்கை, மோரிஸுக்கே சொந்தமான இன்னொரு கம்பெனிக்குச் சுமார் 8.1 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். பிறகு கிளப் அதே மைதானத்தில் வாடகைக்கு ஆடியது. கணக்கில் மைதானத்தின் மதிப்பு அதில் பாதிதான் இருந்தது. வித்தியாசம் லாபமாக ஏறி, நஷ்டத்தில் இருக்கவேண்டிய ஆண்டை 1.46 கோடி பவுண்டு லாபம் காட்டும் ஆண்டாக மாற்றியது. லீக் இதைக் கேள்வி கேட்டது. ஆனால் அந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. விற்றது விதிப்படி செல்லும் என்றாகிவிட்டது. ஆனாலும் கிளப்பிடம் இருந்த ஒரே பெரிய சொத்து கிளப்பின் கையைவிட்டுப் போயிருந்தது.

இரண்டாவது வேலையில்தான் மாட்டிக்கொண்டது. ஒரு ஆட்டக்காரரை 1 கோடி பவுண்டுக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், கணக்கில் ஆண்டுக்கு 25 லட்சம் பவுண்டு செலவாக எழுதுவதுதான் எல்லா கிளப்களும் செய்வது. ஒப்பந்தம் முடியும்போது அவர் இலவசமாகப் போய்விடலாம். அதனால் மிச்ச மதிப்பு பூஜ்யம். டெர்பி மட்டும், ‘இவரை நடுவிலேயே விற்றால் இவ்வளவு வரும்’ என்று ஒரு மதிப்பைத் தானே போட்டுக்கொண்டு, முதல் ஆண்டுகளின் செலவைக் குறைத்து எழுதியது. செலவு பின்னால் தள்ளிப்போனது; வரம்பு மீறியது வெளியே தெரியவில்லை. 2021 கோடையில் இது தவறு என்று தீர்ப்பாகி, கிளப்புக்கு ஒரு லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. பழைய கணக்குகளைத் திருத்தி எழுதவும் உத்தரவு வந்தது. திருத்தி எழுதியபோது வரம்பு மீறல் வெளியே வந்தது. நவம்பரில் போன 9 புள்ளிகளின் மூலம் அங்கே இருக்கிறது.

ஆள் போதாத பயிற்சி

இதற்கெல்லாம் நடுவே அணியின் பொறுப்பில் இருந்தவர் வெய்ன் ரூனி. மான்செஸ்டர் யுனைடெட் அணிக்காக அதிக கோல் அடித்தவர். 2020 தொடக்கத்தில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் டெர்பிக்கு வந்து, 2021 ஜனவரியில் ஆடுவதை நிறுத்திவிட்டு முழு மேனேஜர் ஆனார். முதல் சீசனே உயிர்ப்போராட்டம். 2021 மே 8-ஆம் தேதி, கடைசி நாளில், ஷெஃபீல்டு வெட்னஸ்டேயுடன் 3-3 என்று டிரா செய்து, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் டெர்பி தப்பியது. வெட்னஸ்டே கீழே போனது.

அடுத்த சீசனுக்குத் தயாராகும்போது அணியில் அனுபவசாலிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தார்கள். ஆட்டக்காரர் வாங்க லீக் தடை போட்டிருந்தது. பயிற்சி ஆட்டத்துக்கு ஆள் போதாமல் ரூனியே இறங்கி ஆடினார். அப்படி ஆடியபோது அவர் போட்ட ஒரு டாக்கிளில் ஜேசன் நைட்டின் கணுக்காலில் அடிபட்டது. இருந்த சில நல்ல ஆட்டக்காரர்களில் ஒருவரான அந்த இளைஞர், சீசனின் முதல் வாரங்களை வெளியே உட்கார்ந்து பார்க்கவேண்டியதாயிற்று.

லீக் கொஞ்சம் விட்டுக்கொடுத்ததும், எந்த கிளப்பிலும் இல்லாத ஆட்டக்காரர்களைக் குறுகிய ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டார் ரூனி. முப்பதுகளின் பிற்பகுதியில் இருந்த ஃபில் ஜாகியெல்கா வந்தார். 36 வயது கர்டிஸ் டேவிஸ் மறுபடி ஒப்பந்தமானார். இவர்களோடு கிளப்பின் அகாடமியில் வளர்ந்த பையன்கள்: மேக்ஸ் பேர்ட், லூயி சிப்லி, லீ புக்கானன், ஃபெஸ்டி எபோசெலே, ஐரன் கேஷின், லியாம் தாம்ப்சன். ஓய்வு பெறும் வயதுக்காரர்களும் அப்போதுதான் ஒப்பந்தம் பார்த்தவர்களுமாக ஓர் அணி உருவானது.

செப்டம்பர் 17ஆம் தேதி மோரிஸ் கைவிரித்தார். கிளப்பைத் திவால் நிர்வாகத்தின் கீழ் கொண்டுபோவதாக அறிவித்தார். கடன்காரர்களுக்காக வெளியாட்கள் வந்து நிறுவனத்தை எடுத்து நடத்தும் ஏற்பாடு அது. தான் 20 கோடி பவுண்டுக்கு மேல் இழந்துவிட்டதாகச் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். கொரோனா காலத்தில் டிக்கெட் வருமானம் நின்றுபோனதும் ஒரு காரணம்தான். ஆனால் அதே கொரோனாவை மற்ற கிளப்களும் சந்தித்தன. டெர்பி வரித்துறைக்கு மட்டும் இரண்டரைக் கோடி பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்திருந்தது.

மறுநாள் பிரைட் பார்க்கில் ஸ்டோக் சிட்டியுடன் ஆட்டம். டெர்பி 2-1 என்று வென்றது. நான்கு நாளில், செப்டம்பர் 22 அன்று, திவால் நிர்வாகிகள் முறைப்படி பொறுப்பேற்றார்கள். விதிப்படி 12 புள்ளிகள் கழிந்தன. மோரிஸ் வெளியேறிவிட்டார். அலுவலகத்தில் வேலை செய்தவர்கள் பலருக்கு வேலை போனது. புள்ளிக் கழிவை ஏற்று ஆடவேண்டியவர்கள் மைதானத்தில் நின்றார்கள்.

தோற்க மறுத்த குளிர்காலம்

நவம்பரில் அடுத்த 9 புள்ளியும் போனபோது எல்லோரும் டெர்பியைக் கைகழுவிவிட்டார்கள். ஐந்தே நாளில் போர்ன்மவுத் வந்தது. அந்த சீசனில் இரண்டாம் இடம் பிடித்துப் பிரீமியர் லீக் போன அணி. கேப்டன் டாம் லாரன்ஸ் இரண்டு கோல் அடிக்க, 3-2 என்று டெர்பி வென்றது.

டிசம்பர் கடைசியில் வெஸ்ட் புரோம்விச் ஆல்பியனை வென்றது. ஸ்டோக்கின் மைதானத்துக்கே போய் வென்றது. புத்தாண்டில் ரீடிங்கில் இரண்டு கோல் பின்தங்கியிருந்து, கடைசி நேரத்தில் கர்டிஸ் டேவிஸ் கோலில் 2-2 என்று மீண்டது. பிறகு ஷெஃபீல்டு யுனைடெட்டை 2-0 என்று வீழ்த்தியது. மைனஸ் கணக்கு மறைந்து, மேலே இருக்கும் அணியை எட்டிப்பிடிக்கலாம் என்ற பேச்சு தொடங்கியது.

ஆனால் அது ஜனவரி. ஆட்டக்காரர்களை விற்கவும் வாங்கவும் அனுமதி உள்ள மாதம். மற்ற அணிகள் தங்களைப் பலப்படுத்திக்கொண்டன. டெர்பியின் திவால் நிர்வாகிகள் சம்பளம் போட விற்றார்கள். கிரேம் ஷின்னி விகனுக்குப் போனார். இளம் டிலன் வில்லியம்ஸ் செல்சீக்குப் போனார். ஜாகியெல்கா இருக்கத் தயாராக இருந்தும், தடையால் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்க முடியவில்லை. அதே லீக்கில் ஆடிய ஸ்டோக்கில் சேர்ந்தார். சீசன் முடியும்வரை கிளப்பை நடத்தப் பணம் இருக்கிறது என்று நிரூபிக்கும்படி லீக் கெடு விதித்தது. நிரூபிக்க முடியாவிட்டால் 138 ஆண்டு கிளப் இல்லாமலே போகலாம். 2019-இல் பரி என்ற கிளப், 125 ஆண்டுகள் லீக்கில் இருந்தும், இதேபோன்ற பணச் சிக்கலில் வெளியேற்றப்பட்டிருந்தது. அந்த அச்சம் கற்பனையில் பிறந்ததல்ல.

ஜனவரி 30. பர்மிங்ஹாம் சிட்டியுடன் ஆட்டம். ஆட்டத்துக்கு முன்னால் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் நகர மையத்திலிருந்து பிரைட் பார்க் வரை ஊர்வலமாக நடந்தார்கள். மைதானத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். 87-ஆவது நிமிடம் வரை டெர்பி 0-2 என்று பின்தங்கியிருந்தது. அப்போது 19 வயது லூக் பிளாஞ்ச் ஒரு கோல் அடித்தார். கூடுதல் நேரத்தின் ஆறாவது நிமிடம். பெனால்டி கட்டத்துக்குள் பந்து மேலே எழும்பியது. முழங்கால் காயத்தால் ஏறத்தாழ ஓராண்டு ஆடாமல், அப்போதுதான் திரும்பியிருந்த போலந்துக்காரர் கிறிஸ்டியன் பியெலிக், கோலுக்கு முதுகைக் காட்டி நின்றபடியே உடலை அந்தரத்தில் சாய்த்துத் தலைக்கு மேலாக உதைத்தார். பந்து வலையில் விழுந்தது. 2-2. தோளில் அடிபட்டு அவர் தரையில் கிடக்க, நான்கு பக்கமும் மைதானம் எழுந்து நின்று கத்தியது.

பிளாஞ்ச் அந்த மாதத்தோடு கிரிஸ்டல் பேலஸுக்கு விற்கப்பட்டார். மிச்ச சீசனை டெர்பியில் இரவல் ஆட்டக்காரராக ஆடினார். அவரை விற்ற பணம் சம்பளத்துக்கு உதவியது.

அதே நாட்களில் ரூனி சிறுவயதில் ஆடிய எவர்ட்டன் கிளப் மேனேஜர் தேடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வந்த அழைப்பை மறுத்துவிட்டதாக ரூனியே வெளியே சொன்னார். பிரீமியர் லீக் வேலையைவிட, எந்த மாதம் சம்பளம் நிற்கும் என்று தெரியாத அந்த அணியோடு இருப்பதை அவர் தேர்ந்தெடுத்தார். ஆட்டக்காரராக அவர் வாங்கிய கோப்பைகள் பல. டெர்பி ரசிகர்கள் அவரை நினைப்பது இந்த முடிவுக்காக.

ஏப்ரல் 18

ஏப்ரல் 8ஆம் தேதி பட்டியலின் உச்சியில் இருந்த ஃபுல்ஹாம் பிரைட் பார்க்குக்கு வந்தது. 2-1 என்று தோற்றுப் போனது. ஆனால் அதற்குள் நேரம் தீர்ந்துகொண்டிருந்தது. சின்ன அணி; ஓய்வு கொடுக்க மாற்று ஆள் இல்லை. வெளியூர் ஆட்டங்களில் புள்ளி வரவில்லை.

பத்து நாள் கழித்து, ஈஸ்டர் திங்கள்கிழமை, லண்டனில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுடன் ஆட்டம். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எதிரணி கோல் அடித்து 1-0 என்று வென்றது. அதே பிற்பகலில், 1-4 என்று பின்தங்கிக் கிடந்த ரீடிங், கடைசி நொடிகளில் 4-4 என்று மீண்டு ஒரு புள்ளி எடுத்துக்கொண்டது. அத்தோடு எல்லாம் முடிந்தது. இன்னும் மூன்று ஆட்டங்கள் பாக்கி இருக்கும்போதே டெர்பியின் தரமிறக்கம் உறுதியானது. வெளியூர் வந்திருந்த ரசிகர்கள் கலையவில்லை. அணியைக் கைதட்டி அனுப்பிவைத்தார்கள்.

மொத்தக் கணக்கு: 14 வெற்றி, 13 டிரா, 19 தோல்வி. எடுத்தது 55. கழிந்தது 21. நின்றது 34.

மே மாதக் கடைசியில் இன்னொரு செய்தி வந்தது. சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 23 ஆண்டுகளுக்குப் பிறகு பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது. டெர்பி திவாலான அந்த செப்டம்பரில் ஃபாரஸ்ட்தான் பட்டியலில் கடைசி.

புள்ளிகள் சொல்லும் கணக்கு

2021-22 சாம்பியன்ஷிப்பில் கடைசியாகத் தப்பிய அணி ரீடிங்: 41 புள்ளி. அதுவும் நிதி விதி மீறலுக்காக 6 புள்ளி இழந்த அணிதான்.
டெர்பிக்குக் கழிவே இல்லையென்றால்: 55. பட்டியலின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே, கவலையில்லாத இடம்.
திவாலுக்கான 12 மட்டும் கழிந்திருந்தால்: 43. அப்போதும் தப்பியிருக்கும்.
கணக்குப் பிழைக்கான 9 மட்டும் கழிந்திருந்தால்: 46. அப்போதும் தப்பியிருக்கும்.
இரண்டும் சேர்ந்ததால்: 34. ஏழு புள்ளி குறைவு.

தண்டனை யாருக்கு?

புள்ளி கழித்ததே அநியாயம் என்று ரசிகர்கள் சிலர் சொன்னார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். 2018-19இல் டெர்பி பிளே-ஆஃப் போனபோது ஒரே ஒரு புள்ளியில் இடம் இழந்த அணி மிடில்ஸ்பரோ. 2020-21இல் டெர்பி தப்பியபோது ஒரே ஒரு புள்ளியில் கீழே போன அணி வைகம்ப். வரம்புக்குள் செலவு செய்து ஆடிய கிளப்கள் அவை. அந்த 9 புள்ளி ஒரு சீசன் முன்பே கழிந்திருந்தால் வைகம்ப் சாம்பியன்ஷிப்பில் இருந்திருக்கும். இரண்டு கிளப்களும் நஷ்டஈடு கேட்டதில் நியாயம் இருந்தது. விதியை மீறியதால் கிடைத்த ஆதாயத்துக்கு விலை இல்லையென்றால் ஒழுங்காக நடப்பவர் ஏமாளி ஆகிவிடுவார்.

என் ஆட்சேபம் வேறு. குற்றம் நடந்தது முந்தைய ஆண்டுகளின் கணக்கில். தண்டனை வந்தது 2021 நவம்பரில். அதற்குள் அந்தக் கணக்கை எழுத வைத்த உரிமையாளர் போய்விட்டார். அவர் வாங்கிய விலையுயர்ந்த ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். தண்டனையை அனுபவித்தது, அந்தக் கணக்கு எழுதப்பட்ட காலத்தில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பையன்கள். மைதானத்தை விற்றபோது ரசிகரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீசன் டிக்கெட் பணத்தை முன்கூட்டியே கட்டியவர், கணக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வழியில்லை. பார்த்திருக்கவேண்டிய லீக்கோ கிளப்களின் சொந்த அமைப்பு. 2018 கணக்கின்மீது அது குற்றச்சாட்டு பதிவு செய்ததே 2020-இல்தான்.

கிளப்பை விலைக்கு வாங்க வருகிறவரைச் சோதிக்கும் முறையும் பலவீனமாகவே இருந்தது. டெர்பியை வாங்குவதாகச் சொன்னவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து காணாமல் போனார்கள். 2022 ஏப்ரலில் திவால் நிர்வாகிகள் தேர்ந்தெடுத்த அமெரிக்கத் தொழிலதிபர் கிறிஸ் கிர்ச்னர், கெடு மேல் கெடு தவறவிட்டு ஜூனில் விலகினார். பின்னர் தன் மென்பொருள் நிறுவனத்தில் செய்த மோசடிக்காக 2024-இல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டுச் சிறை விதித்தது. ஒரு நகரத்தின் கிளப் கிட்டத்தட்ட அவர் கைக்குப் போகவிருந்தது.

ஜூன் கடைசியில் ரூனியும் ராஜினாமா செய்தார். ஜூலை 1ஆம் தேதி, உள்ளூர் கட்டுமானத் தொழிலதிபரும் வாழ்நாள் ரசிகருமான டேவிட் கிளவ்ஸ் கிளப்பை வாங்கினார். அதற்கு முன்பே மைதானத்தை வாங்கி, பிரிந்துபோன இரண்டையும் மறுபடி ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தார். இரண்டு ஆண்டுகள் லீக் ஒன்னில் ஆடி, பால் வார்னின் தலைமையில் 2024 ஏப்ரலில் டெர்பி மீண்டும் சாம்பியன்ஷிப்புக்கு ஏறியது. அந்த ஆண்டு எடுத்த 92 புள்ளிகளில் ஒன்றைக்கூட யாரும் கழிக்கவில்லை.

டெர்பி பிழைத்தது ஒரு நல்ல மனிதர் சமயத்தில் வந்ததால். பரிக்கு அப்படி ஒருவர் சமயத்தில் வரவில்லை. அடுத்த கிளப்புக்கு வருவார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 2025 அக்டோபரில் ஷெஃபீல்டு வெட்னஸ்டேயும் திவால் நிர்வாகத்துக்குள் போய் 12 புள்ளிகளை இழந்தது. அதுவும் தன் மைதானத்தை உரிமையாளரின் கம்பெனிக்கு விற்ற கிளப். சம்பளம் தாமதமான கிளப். 2021 மே மாதம் டெர்பி தப்பிக்க, கீழே போன அதே கிளப்.

பரி, டெர்பி போன்ற கிளப்களின் கதி கண்டு எழுந்த குரலும் இங்கிலாந்தின் கால்பந்து நிர்வாகச் சட்டத்துக்கு வழிவகுத்தது. முன்னாள் அமைச்சர் டிரேசி கிரவுச் தலைமையிலான ஆய்வுக் குழு, டெர்பியின் 9 புள்ளி போன அதே நவம்பரில் அறிக்கை கொடுத்தது. 2025 ஜூலையில் சட்டம் நிறைவேறியது. முதல் ஐந்து நிலைக் கிளப்களுக்கும் இனி ஒரு சுயேச்சையான கட்டுப்பாட்டாளர் இருப்பார். கிளப் நடத்த உரிமம் வேண்டும். வாங்க வருகிறவரின் பணமும் பின்னணியும் சோதிக்கப்படும். அனுமதி இல்லாமல் மைதானத்தை விற்க முடியாது. முக்கியமான விஷயங்களில் ரசிகர்களைக் கலந்து பேசவேண்டும்.

இதில் ஒவ்வொரு பிரிவும் டெர்பியில் விழுந்த ஓர் ஓட்டையை அடைக்கிறது. ஆனால் சட்டம் இருப்பது வேறு, அதைச் சரியான நேரத்தில் எடுப்பது வேறு. கட்டுப்பாட்டாளரின் வேலையை இனி ஒரே ஓர் அளவுகோலால் பார்க்கவேண்டும்: ஒரு கிளப்பின் கணக்கில் கோளாறு இருந்தால், அதைச் செய்தவர் நாற்காலியில் இருக்கும்போதே பிடிபடுகிறாரா? அவர் போன பிறகு பிடித்தால் விலையைக் கொடுப்பது மறுபடியும் 19 வயது ஆட்டக்காரரும், வேலை இழந்த ஊழியரும், டிக்கெட் வாங்கிய குடும்பமும்தான். டெர்பியின் ஆட்டக்காரர்கள் 55 புள்ளி எடுத்துத் தங்கள் பங்கைச் செய்தார்கள். மிச்சப் பங்கு கால்பந்தை ஆள்பவர்களுடையது.